கணைய நொதி அளவின் வரலாறு: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகளும் தமிழ்நாடும்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது ஒரே மரபணுவின் பழுதுபட்ட படியைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குழந்தைக்கு வரும் பிறவி நோய் ஆகும். இந்நோயில் உடலின் சுரப்புநீர்கள் நீர்த்தன்மை இழந்து பிசின்போலத் தடிக்கின்றன. நுரையீரலில் சளி தேங்குகிறது. கணையத்தின் நுண்குழாய்கள் அடைபடுவதால் உணவைச் செரிக்கும் நொதிகள் சிறுகுடலுக்கு வந்து சேர்வதில்லை. மேலைநாட்டு நோயாளிகளில் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு இந்தக் கணையக் குறைபாடு உண்டு. அதை ஈடுசெய்யப் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் நொதிகளை ஒவ்வொரு வேளை உணவோடும் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும்.

இந்த நொதிகளின் அளவு, கொழுப்பைச் சிதைக்கும் லைப்பேஸ் என்னும் நொதியின் அலகுகளில் கணக்கிடப்படுகிறது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 2,500 அலகுகள் வரை, நாளொன்றுக்கு 10,000 அலகுகளுக்கு மிகாமல் என்பது இன்று பரவலாகப் பின்பற்றப்படும் விதி. தேவைக்குக் குறைந்தால் குழந்தை எவ்வளவு உண்டாலும் மெலியும். மேல் எல்லையை வெகுவாகத் தாண்டினால் பெருங்குடல் தடித்துச் சுருங்கும் ஆபத்து உண்டு. இவ்விரு எல்லைகளும் ஆய்வகத்தில் மட்டும் கண்டறியப்பட்டவை அல்ல. குழந்தைகளின் இழப்பிலிருந்தும் துன்பத்திலிருந்தும் மருத்துவ உலகம் கற்றுக்கொண்டவை. தமிழ்நாட்டுக் குழந்தைகளைப் பொறுத்தவரை இவ்வரலாற்றில் இன்னொரு தடையும் இருந்தது. இந்நோய் இந்தியாவில் இல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

பெயர் பெறாத காலம்

நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்ற நாட்டுப்புற நம்பிக்கை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இருந்தது. வியர்வையில் உப்பு மிகுவது இந்நோயின் முதன்மை அடையாளம் என்பது மிகப் பிற்காலத்தில்தான் தெரியவந்தது.

தமிழ் வீடுகளில் தேறாத பிள்ளைக்குப் பல பெயர்கள் உண்டு. அடுத்த குழந்தை வயிற்றில் தங்கியதால் தாய்ப்பால் குன்றி மெலிந்தால் சவலை. செரியாமல் வயிறு உப்பிக் கழிந்தால் மாந்தம். இருமலும் காய்ச்சலுமாக உடல் வற்றினால் கணை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தை ஒரே நேரத்தில் இம்மூன்றின் குறிகளையும் காட்டக்கூடியது. நன்றாகப் பசித்து உண்ணும்; ஆயினும் எடை ஏறாது. மலம் மிகுதியாக, எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்துடன் போகும். இருமல் ஓயாது. இக்குறிகளை ஒரே நோயின் பகுதிகளாக இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு அன்று எந்த நாட்டு மருத்துவத்திலும் இல்லை.

கணைய நீரும் நொதியும்

கணைய நீர் கொழுப்பைச் சிதைக்கிறது என்பதை 1840களின் இறுதியில் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார் சோதனைகளால் காட்டினார். 1870களில் ஜெர்மானியரான வில்லி கூனே, கணைய நீரில் புரதத்தைச் சிதைக்கும் பொருளுக்கு டிரிப்சின் எனப் பெயரிட்டார். நொதியைக் குறிக்கும் என்சைம் என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரே. இறைச்சிக்காகக் கொல்லப்படும் விலங்குகளின் கணையத்தை உலர்த்திப் பொடியாக்கிய பான்கிரியாட்டின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டது. எந்த நோய்க்கு, எவ்வளவு கொடுப்பது என்பதில் அப்போது தெளிவு இருக்கவில்லை.

டோரதி ஆண்டர்சன்

நியூயார்க்கிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராகப் பணியாற்றிய டோரதி ஆண்டர்சன், சீலியாக் நோயால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒரு குழந்தையின் உடலை ஆராய்ந்தபோது அதன் கணையம் நார்த்திசுவாக மாறியிருப்பதைக் கண்டார். பழைய பதிவுகளைத் தேடி, அதேபோன்ற 49 பேரின் விவரங்களைத் தொகுத்து 1938இல் வெளியிட்டார். இந்நோயைத் தனி நோயாக முழுமையாக விவரித்த முதல் ஆய்வு அதுவே. கணையத்தில் அவர் கண்ட நீர்க்கட்டிகளும் நார்த்திசுவுமே நோயின் பெயருக்குக் காரணமாயின.

இக்குழந்தைகளுக்குப் பான்கிரியாட்டினும் கொழுப்புக் குறைந்த, புரதம் மிகுந்த உணவும் கொடுக்கும் மருத்துவ முறையை ஆண்டர்சன் 1940களில் முன்வைத்தார். கொழுப்பைச் செரிக்க முடியாத குழந்தைக்குக் கொழுப்பைக் குறைப்பது அன்று இயல்பான முடிவாகத் தோன்றியது. அதே காலத்தில், 1948இல், ஹயாட், வில்சன் என்னும் இருவர், பிறந்த குழந்தையின் குடலை அடைத்துக்கொள்ளும் தடித்த முதல் மலத்தைக் கணைய நொதிக் கரைசலால் கரைத்து அகற்றலாம் எனக் காட்டினர்.

1948ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை வீசியது. வெப்பத்தால் சோர்ந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்நோயுள்ளவர்கள் மிகுதியாக இருந்தனர். இதைத் தொடர்ந்து ஆராய்ந்த பால் டி சான்ட்டாக்னீஸ், அவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்பதை 1953இல் வெளியிட்டார். 1959இல் கிப்சன், குக் ஆகியோர் பைலோகார்பைன் மருந்தால் வியர்வையைத் தூண்டிச் சேகரிக்கும் முறையை வகுத்தனர். வியர்வைச் சோதனை இன்றுவரை நோயை உறுதிசெய்யும் முதன்மைச் சோதனையாக உள்ளது. லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் குளோரைடு இருப்பது நோயைக் காட்டும்.

கீழ் எல்லை: பசியோடு வளர்ந்த குழந்தைகள்

பழைய பான்கிரியாட்டின் பொடியில் ஒரு பெருங்குறை இருந்தது. லைப்பேஸ் அமிலத்தில் நிலைக்காது. விழுங்கிய பொடியின் பெரும்பகுதி இரைப்பையின் அமிலத்தில் அழிந்தபின் மிஞ்சியதே சிறுகுடலை அடைந்தது. ஒரு வேளைக்குக் கை நிறைய மாத்திரை விழுங்கியும் மலத்தில் கொழுப்பு போயிற்று. எனவே உணவிலிருந்து கொழுப்பை நீக்கும் வழக்கம் 1970கள் வரை நீடித்தது. வெண்ணெயும் பாலாடையும் விலக்கப்பட்ட குழந்தைகள் மெலிந்தனர். மெலிந்த உடலால் நுரையீரல் தொற்றை எதிர்க்க இயலவில்லை.

கனடாவின் டொராண்டோ நகரில் டக்ளஸ் குரோசியர் என்ற மருத்துவர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். குழந்தைகளுக்குக் கொழுப்பு மிகுந்த வழக்கமான உணவைத் தாராளமாகக் கொடுத்து, அதைச் செரிக்கத் தேவையான அளவுக்கு நொதியையும் கூட்டினார். 1974இல் அவர் எழுதிய கட்டுரை, இந்நோய் கருதப்பட்ட அளவுக்கு உயிர்க்கொல்லி அன்று என வாதிட்டது. 1988இல் வெளியான ஓர் ஒப்பாய்வு டொராண்டோ, பாஸ்டன் நகரங்களின் நோயாளிகளை அருகருகே வைத்துப் பார்த்தது. நுரையீரல் செயல்பாட்டில் இரு நகரத்தாரிடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வாழ்நாளின் இடைநிலை அளவு பாஸ்டனில் 21 ஆண்டுகள், டொராண்டோவில் 30 ஆண்டுகள். டொராண்டோ நோயாளிகள் உயரமாகவும் எடை கூடியும் இருந்தனர். இரு மையங்களின் மருத்துவத்தில் தெரிந்த முக்கிய வேறுபாடு உணவே. இதன்பின் கொழுப்பு விலக்கு முறை கைவிடப்பட்டது.

இம்மாற்றத்தை எளிதாக்கியது ஒரு மருந்தியல் முன்னேற்றம். 1970களின் பிற்பகுதியில், அமிலம் தாங்கும் பூச்சுள்ள நுண்மணிகள் அடைத்த கேப்சூல்கள் வந்தன. இரைப்பையில் கரையாத அப்பூச்சு, அமிலம் தணிந்த சிறுகுடலில் கரைந்து நொதியை விடுவிக்கிறது. இதனால்தான் மணிகளை நசுக்கவோ மெல்லவோ கூடாது என்று அறிவுறுத்தப்படுகிறது. பூச்சு உடைந்தால் நொதி வீணாவதோடு வாயும் புண்ணாகும்.

மேல் எல்லை: 1994

கூடுதல் நொதி நன்மை தந்ததால் இன்னும் கூட்டினால் இன்னும் நன்மை என்ற எண்ணம் பரவியது. 1990களின் தொடக்கத்தில் ஒரே கேப்சூலில் 20,000 அலகுகளுக்கும் மேல் அடங்கிய செறிவு மிக்க வகைகள் வந்தன. விழுங்கவேண்டிய எண்ணிக்கை குறைந்ததால் குடும்பங்கள் அவற்றை விரும்பின.

1994 ஜனவரியில் லான்செட் இதழில் இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த மருத்துவர்கள் ஐந்து குழந்தைகளைப் பற்றி எழுதினர். ஐவருக்கும் பெருங்குடலின் ஏறுபகுதி தடித்துச் சுருங்கி அடைபட்டிருந்தது. இந்நோயில் அதுவரை அறியப்படாத சிக்கல் அது. ஐவரும் முந்தைய ஓராண்டுக் காலத்தில் செறிவு மிக்க நொதிக்கு மாறியிருந்தனர். பிற நாடுகளிலிருந்தும் இத்தகைய செய்திகள் வந்தன. 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இச்சிக்கல் வந்த 29 பேரை வராதவர்களோடு ஒப்பிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் நாளொன்றுக்குக் கிலோவுக்குச் சராசரியாகச் சுமார் 50,000 அலகுகள் எடுத்திருந்தனர். மற்றவர்கள் சுமார் 19,000 அலகுகள். மணிகளின் பூச்சுப்பொருளே காரணம் என்ற கருத்தும் எழுந்தது. எனினும் அளவோடு இருந்த தொடர்பு தெளிவாயிற்று.

இதற்குள் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10,000 அலகுகள் என்ற உச்சவரம்பைப் பரிந்துரைத்திருந்தது. 1995இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 2,500 என்ற வரம்பை வகுத்தது. உணவிலுள்ள கொழுப்பு கிராம் ஒன்றுக்கு 4,000 அலகுகளுக்கு மிகாமல் கொடுக்கும் மாற்றுக் கணக்கும் வழக்கில் வந்தது. வரம்பை எட்டிய பின்னும் அறிகுறிகள் தீராவிட்டால் மேலும் நொதி கூட்டுவதில்லை. மருந்து ஒழுங்காகச் செல்கிறதா, வெப்பத்தில் கெட்டதா, குடலில் அமிலம் மிகுந்துள்ளதா, வேறு குடல் நோய் உள்ளதா என்று தேடுவதே முறையாயிற்று.

இந்தியாவில் இல்லை எனப்பட்ட நோய்

ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ 2,500 முதல் 3,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் காணப்படும் இந்நோய் வெள்ளையருக்கே உரியது என்று மருத்துவ நூல்கள் எழுதிவந்தன. இந்தியாவில் இந்நோய் பற்றிய தொடக்ககால அறிக்கைகள் 1968இல் சண்டிகரிலுள்ள பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்திலிருந்து வந்தன.

தென்னிந்திய மருத்துவர்களுக்குக் கணைய நோய் புதிதன்று. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இளவயதிலேயே கணையத்தில் கல் உண்டாகி, நீரிழிவிலும் கொழுப்பு மலத்திலும் முடியும் வெப்பமண்டலக் கணைய அழற்சி பரவலாக அறியப்பட்டிருந்தது. கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸும், பின்னர் சென்னையில் எம். விஸ்வநாதன், வி. மோகன் ஆகியோரும் இதை விரிவாக ஆராய்ந்தனர். கணையம் பழுதான பிள்ளையைக் கண்டால் கல்லைத் தேடும் பழக்கம் இருந்தது. வியர்வையைச் சோதிக்கும் பழக்கம் இல்லை. ஓயாத இருமலும் மெலிவும் கொண்ட குழந்தைக்கு முதலில் காசநோய் மருந்தே கொடுக்கப்பட்டது. வியர்வைச் சோதனை செய்யும் வசதி மிகச் சில இடங்களில் மட்டுமே இருந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் எஸ். கே. கப்ராவும் அவரது குழுவினரும் உள்நாட்டில் உருவாக்கிய கருவியால் வியர்வை சேகரிக்கும் முறையை 2002இல் வெளியிட்டது இந்நிலையை மாற்றிய ஒரு முக்கியப் படி.

1989இல் லாப்-சீ சூய், பிரான்சிஸ் காலின்ஸ், ஜான் ரியார்டன் ஆகியோரின் குழுக்கள் ஏழாம் குரோமோசோமில் நோய்க்கான மரபணுவைக் கண்டறிந்தன. எஃப்508டெல் எனப்படும் மரபணுப் பிறழ்வு ஐரோப்பிய வழி நோயாளிகளின் பழுதான மரபணுப் படிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் உள்ளது. இந்திய ஆய்வுகளில் இது 19 முதல் 44 விழுக்காடு வரையே காணப்பட்டது. மேலைநாட்டுப் பிறழ்வுப் பட்டியலை மட்டும் வைத்துச் சோதித்தால் பல இந்தியக் குழந்தைகளின் நோய் தெரியாமல் போகும் என்பது இதன் பொருள். 955 பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியை ஆராய்ந்த எய்ம்ஸ் குழு, 238 பேரில் ஒருவர் எஃப்508டெல் பிறழ்வைச் சுமப்பதாக 2006இல் தெரிவித்தது. இதிலிருந்து, ஏறத்தாழ 43,000 முதல் 1,00,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை என்ற மதிப்பீடு பெறப்பட்டது. இந்தியாவின் பிறப்பு எண்ணிக்கையில் இது ஆண்டுக்குச் சில நூறு குழந்தைகளாகும்.

சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு வேளை உணவு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்கள் இரண்டு மருத்துவ நகரங்களை இணைக்கும் பாதைகளில் உள்ளன. கிழக்கே எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. மேற்கே வேலூரில், இந்நோய்க்குச் சிகிச்சையும் மரபணு ஆய்வும் நடக்கும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகக் காட்பாடி செல்லும் ரயில் பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகவே போகிறது. பூந்தமல்லி பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ளது.

மருத்துவர் எழுதிக்கொடுக்கும் அளவை ஒவ்வொரு வேளையும் உணவோடு பொருத்துவது பெரும்பாலும் தாயின் வேலையாகிறது. இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் கிரியான் கேப்சூல்கள் 10,000, 25,000 அலகுகளில் வருகின்றன. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளை வரம்பு 5,000 முதல் 25,000 அலகுகள்; நாள் முழுவதற்கும் உச்சம் 1,00,000. வரம்பு இவ்வளவு அகலமாக இருப்பதால், அதற்குள் எந்த இடத்தில் நிற்பது என்பதை உணவின் கொழுப்பும் குழந்தையின் மலமும் எடையுமே முடிவு செய்கின்றன.

அம்பத்தூரில் பால்பண்ணை நடத்தும் ஆவினின் பால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீல நிற பாக்கெட்டில் 3 விழுக்காடும், பச்சையில் 4.5 விழுக்காடும், ஆரஞ்சில் 6 விழுக்காடும் கொழுப்பு உண்டு. 200 மில்லி பாலில் முறையே ஏறத்தாழ 6, 9, 12 கிராம் கொழுப்பு. கிராமுக்கு 2,000 அலகுகள் என்று ஒரு குழந்தைக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்தால் அதே ஒரு டம்ளர் பாலுக்கு 12,000, 18,000, 24,000 அலகுகள் தேவைப்படும். கடையில் நீலம் தீர்ந்துபோய் ஆரஞ்சு வாங்கிய நாளில் தேவை இரட்டிப்பாகிறது. இட்லியில் கொழுப்பு சொற்பம். தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சட்னியிலும் பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெயிலும் மிகுதி. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பு உண்டு. இளநீருக்கும் பெரும்பாலான பழங்களுக்கும் நொதி தேவையில்லை. வடைக்கும் முறுக்குக்கும் தேவை. மேலைநாட்டுக் கையேடுகளில் உள்ள கொழுப்புப் பட்டியல்களில் இவ்வுணவுகள் இல்லை என்பதால் வீட்டிலேயே இத்தகைய பட்டியல் ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேப்சூலை விழுங்க முடியாத குழந்தைக்கு அதைத் திறந்து, மணிகளைச் சிறிதளவு புளிப்புள்ள மென்மையான உணவில் கலந்து உடனே ஊட்டுவர். மேலைநாட்டு அறிவுறுத்தல்கள் ஆப்பிள் கூழைக் குறிப்பிடுகின்றன. ஆறிய நிலையில் வேகவைத்து மசித்த ஆப்பிள் இங்கும் எளிது. பாலில் கலந்து வைப்பதும் சூடான சோற்றில் பிசைவதும் தவிர்க்கப்படுகின்றன. பாலில் பூச்சு முன்கூட்டியே கரையும். சூட்டில் நொதி கெடும். பால்குடிக் குழந்தைக்கு 120 மில்லி பாலுக்கு 2,000 முதல் 4,000 அலகுகள் வரை, பாலூட்டுவதற்கு முன் கொடுக்கப்படுகின்றன. பின்னர் வாயில் மணிகள் தங்கியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். எந்தக் குழந்தைக்கும் உரிய அளவை நிர்ணயிப்பதும் மாற்றுவதும் மருத்துவரின் பொறுப்பு. மாற்றம் தேவை என்பதை முதலில் காண்பவர் குழந்தையைக் கழுவிவிடுபவரே.

வெப்பம், சமயம், செலவு

நொதி மருந்தை 25 டிகிரி செல்சியசுக்குக் கீழ் ஈரமின்றி வைக்குமாறு உறையில் எழுதப்பட்டுள்ளது. சென்னையின் மே மாதத்தில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். அடுப்படி அலமாரியிலோ, நிறுத்திய இருசக்கர வண்டியின் பெட்டியிலோ இருந்த மருந்து வலிமை இழந்திருக்கலாம். அதே வெப்பம் குழந்தையின் உப்பையும் வெளியேற்றுகிறது. உப்பும் பொட்டாசியமும் குறைந்து சோர்ந்து வரும் கைக்குழந்தைகளிடமே இந்நோய் முதலில் கண்டறியப்படுவது இந்திய மருத்துவர்கள் அறிந்த ஒன்று. 1948ஆம் ஆண்டின் நியூயார்க் வெப்ப அலை தந்த பாடம் இங்கு ஒவ்வொரு கோடைக்கும் பொருந்துகிறது. எனவே மற்றக் குழந்தைகளுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர் இக்குழந்தைகளுக்குக் கூடுதல் உப்பைப் பரிந்துரைக்கிறார்.

இந்நோய்க்குத் தரப்படும் பான்கிரியாட்டின் மருந்துகள் பன்றியிலிருந்தே பெறப்படுகின்றன. இசுலாமியக் குடும்பங்களுக்கும் மரக்கறி உண்ணும் குடும்பங்களுக்கும் இது மனத்தடையாகிறது. உயிர் காக்கும் தேவையின்போது விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்பது இசுலாமிய மரபில் ஏற்கப்பட்ட கொள்கை. எனினும் மருந்தின் மூலத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லி, குடும்பத்தின் தயக்கத்தைக் கேட்டறிவதே நல்லது. பின்னர் தெரிந்து மருந்தை நிறுத்திவிட்டால் இழப்பு குழந்தைக்கே.

செலவைப் பொறுத்தவரை, 2021 மார்ச்சில் இந்திய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை ஒரு திருப்பம். ஒப்பீட்டளவில் குறைந்த செலவில், வாழ்நாள் முழுவதும் சிகிச்சை தேவைப்படும் நோய்களின் பிரிவில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான கணைய நொதி பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டது. மரபணுப் பழுதின் விளைவையே சீர்செய்யும் விலை மிகுந்த புதிய மருந்துகள் வேறு பிரிவில் வைக்கப்பட்டன. அவற்றில் மிகப் பலருக்குப் பயன்படும் மும்மருந்துக் கூட்டு 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் விலை இந்தியக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. எஃப்508டெல் குறைவாக உள்ள நாட்டில் அது அனைவருக்கும் பயன்படாது என்பதும் உண்மை.

ஆகவே இங்குள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு, நல்ல உணவும் அதற்கேற்ற நொதியும் உப்பும், கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும், நெஞ்சுச் சளியை அகற்றும் அன்றாடப் பயிற்சியுமே இன்றும் சிகிச்சையின் அடித்தளம். டொராண்டோவில் ஒன்பது ஆண்டு வாழ்வைக் கூட்டித் தந்தது புதிய மருந்து ஒன்றன்று. வயிறார உண்ணவிட்டு, அதற்கு ஈடாக நொதி கொடுத்த முறையே. நோய் காலத்தில் கண்டறியப்பட்டால் அம்முறை அம்பத்தூரின் ஒரு சமையலறையிலும் இயலக்கூடியதே.